ஊசியிலை மரங்களின் வயதும் உயிர்த்திணிவுப் பகிர்வும்: ஆய்வு வரலாறு

ஒரு மரம் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் பொருளை இலை, கிளை, அடிமரம், பட்டை, வேர் ஆகிய உறுப்புகளுக்கு எந்த அளவில் பிரித்துக் கொடுக்கிறது என்பதை உயிர்த்திணிவுப் பகிர்வு என்பர். பைன், ஸ்புரூஸ், ஃபிர், லார்ச் முதலிய ஊசியிலை மரங்களில் இந்தப் பகிர்வு வயதோடு பெரிதும் மாறுகிறது. சில ஆண்டுகளே ஆன பைன் கன்றில் நிலத்துக்கு மேலுள்ள உலர் எடையில் ஏறத்தாழப் பாதி ஊசிகளாகவே இருக்கலாம். அதே மரம் நூறாண்டைத் தொடும்போது ஊசிகளின் பங்கு சில விழுக்காடாகச் சுருங்கிவிடும். எடையின் பெரும்பகுதி அடிமரத்தில் இருக்கும். கொடைக்கானல் பைன் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் தெரிந்ததே. நெடிய, கிளையற்ற தண்டு. அதன் உச்சியில் மட்டும் கொஞ்சம் பசுமை.

இங்கு இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குதிரில் இருக்கும் நெல் ஒன்று. இந்த ஆண்டு வயலில் விளைந்து, எங்கெங்கோ செலவான நெல் வேறொன்று. மரத்தின் அடிமரம் குதிரைப் போன்றது. ஆண்டுதோறும் வந்த மரக்கட்டை வெளியே போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஊசியும் சல்லிவேரும் அப்படியல்ல. வந்த வேகத்தில் உதிர்ந்து மண்ணுக்குப் போகும். ஆகவே முதிர்ந்த மரத்தில் ஊசி 3 அல்லது 4 விழுக்காடுதான் என்று சொன்னால், மரம் ஊசிக்குக் குறைவாகச் செலவிடுகிறது என்று பொருளாகாது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றல்ல என்பது தெளிவாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலம் முழுவதும் பின்னால் நின்ற கேள்வி பணம் சார்ந்தது: மரத்தை எந்த வயதில் வெட்டலாம்?

சாக்சனியின் விறகுப் பஞ்சம்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களும் உருக்கு உலைகளும் காடுகளைத் தின்றுகொண்டிருந்தன. ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க நிருவாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்ற கருத்தை அதில் வலியுறுத்தினார். நீடித்த பயன்பாடு என்று இன்று பேசப்படும் சிந்தனையின் தொடக்கங்களில் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது. ஆனால் வளர்கிற அளவு எவ்வளவு என்று தெரியாமல் அந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. அதனால் ஜெர்மானிய வனவியலாளர்கள் மரத்தை அளக்கத் தொடங்கினர். குறிப்பிட்ட மண்ணில், குறிப்பிட்ட வயதில், ஒரு ஹெக்டேரில் எத்தனை கன மீட்டர் மரம் நிற்கும் என்று சொல்லும் விளைச்சல் அட்டவணைகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உருவாயின. ஹைன்ரிக் கோட்டா 1811-இல் தன் வனவியல் பள்ளியைத் தாரண்ட் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார். பின்னர் அது அரச கல்விக்கழகமாகி ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றது.

இந்த அட்டவணைகள் அளந்தது அடிமரத்தின் கன அளவை. விற்கப்படாத எதுவும் ஏட்டில் ஏறவில்லை. ஊசி இல்லை, வேர் இல்லை, பெரும்பாலும் சிறு கிளையும் இல்லை. வணிகக் கணக்கு என்ற அளவில் அதில் பிழையில்லை; உயிரியல் கணக்காக அது மரத்தின் ஒரு பகுதியை மட்டுமே கண்டது.

அந்த அரைக்கணக்கிலிருந்தே ஒரு நல்ல விதி பிறந்தது. தாரண்டில் ஆசிரியராக இருந்த மாக்ஸ் பிரெஸ்லர், மரத்தை வெட்டாமலே உள்ளிருந்து ஒரு மெல்லிய குச்சி போன்ற மாதிரியை எடுக்கும் துளைக்கருவியை 1860-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆண்டு வளையங்களை அதில் எண்ணலாம், அளக்கலாம். பல உயரங்களில் அளந்த பிறகு 1865-இல் அவர் சொன்னது இது: அடிமரத்தின் எந்த இடத்திலும் ஓராண்டில் கூடும் குறுக்குவெட்டுப் பரப்பு, அந்த இடத்துக்கு மேலே இருக்கும் இலைகளின் அளவுக்கு ஏற்றதாக இருக்கும். உச்சியிலிருந்து கீழே வர வர மேலுள்ள இலைகள் கூடுகின்றன. எனவே பரப்பும் கூடுகிறது. கடைசிப் பச்சைக் கிளையைத் தாண்டிய பின் மேலுள்ள இலைகளின் அளவு மாறுவதில்லை. எனவே கூடும் பரப்பும் அடிவரை ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். நெருக்கமான காட்டில் கீழ்க்கிளைகள் செத்து, தண்டு உருளை போல் நேராவதும், தனியாக நிற்கும் மரம் அடிபெருத்து நுனிசிறுத்துக் கூம்புபோல் ஆவதும் இதனால்தான்.

பிரெஸ்லரின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் வனவியலில் நிலைத்தது. நிலத்தில் போட்ட முதலுக்கு வட்டி கணக்கிட்டு, நிகர வருவாய் அதிகமாக வரும் வயதில் மரத்தை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர் அவர். 1849-இல் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் தந்த சூத்திரம் இதற்கு அடிப்படையாக இருந்தது. வட்டியைக் கணக்கில் எடுத்தாலே காத்திருப்பது செலவாகிவிடும். வெட்டும் வயது குறையும். ஸ்புரூஸ் மரத்தை வரிசையாக நட்டு, இளம் வயதிலேயே வெட்டும் முறை நடு ஐரோப்பாவில் பரவியதில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு.

சருகு அள்ளியதால் எழுந்த கேள்வி

ஊசிகள் மதிப்புள்ளவை என்பதை வனவியலாளருக்குக் காட்டியவர்கள் உழவர்கள். பவேரியாவின் சிறு உழவர்களுக்கு வைக்கோல் மாட்டுத் தீவனமாகவே தீர்ந்துவிடும். தொழுவத்தில் பரப்பக் காட்டுச் சருகை அள்ளி வந்தனர். அது சாணத்தோடு கலந்து எருவாகி வயலுக்குப் போனது. இப்படிப் பல தலைமுறைகளாக அள்ளப்பட்ட காடுகளில் மரங்கள் குன்றிப் போயின. வன அலுவலர்கள் தடுக்கப் பார்த்தனர். ஏழை உழவர்கள் அது தங்கள் உரிமை என்றனர்.

இந்தத் தகராறுக்கு வேதியியல் விடை தந்தவர் எர்ன்ஸ்ட் எபர்மாயர். பவேரியாவின் வன ஆய்வு நிலையங்களில் ஆண்டுதோறும் உதிரும் சருகைச் சேகரித்து, எடைபோட்டு, எரித்துச் சாம்பலைப் பகுத்தார். 1876-இல் வெளியான அவரது நூல் காட்டுச் சருகைப் பற்றிய முதல் முழுமையான ஆய்வு. எடையில் சிறு பங்கான இலைகளில்தான் சுண்ணாம்பு, பொட்டாசு, பாஸ்பரஸ் முதலிய சத்துகள் செறிந்துள்ளன, மரக்கட்டையில் அவை மிகக் குறைவு என்பது அவரது எண்களிலிருந்து தெளிவானது. தண்டை மட்டும் எடுத்துச் சென்றால் மண் தாங்கும். சருகையும் சேர்த்து எடுத்தால் தாங்காது.

இதில் வயதுக்கும் இடமுண்டு. இளமரத்தில் ஊசி, சிறுகிளை, பட்டை ஆகியவற்றின் பங்கு அதிகம். முதிர்ந்த மரத்தில் சத்து குறைந்த உட்கட்டையின் பங்கு அதிகம். ஆகவே நூறாண்டுக்கு ஒரு முறை வெட்டுவதைவிட முப்பது ஆண்டுக்கு ஒரு முறை முழு மரமாக வெட்டி எடுத்தால், ஒவ்வொரு டன் மரத்தோடும் மண்ணிலிருந்து போகும் சத்து கூடுதலாக இருக்கும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிளை, ஊசியோடு முழு மரத்தையும் எரிபொருளாக எடுக்கும் திட்டங்கள் வந்தபோது, எபர்மாயரின் பழைய கேள்வியே மறுபடி எழுந்தது.

ஊசிகளை எடைபோட்டவர்கள்

அடுத்த பெரிய முயற்சி சுவிட்சர்லாந்தில் நடந்தது. அங்குள்ள வன ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் பூர்கர் 1929 முதல் 1950-களின் தொடக்கம் வரை, மரம், இலையளவு, வளர்ச்சி ஆகிய மூன்றையும் இணைத்துத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். ஒவ்வோர் இன மரத்தையும் வெட்டி, கிளை கிளையாகக் கழித்து, ஊசிகளை எடைபோட்டு, ஒரு கன மீட்டர் மரக்கட்டை வளர எத்தனை கிலோ ஊசி தேவை என்று கணக்கிட்டார். ஆண்டுதோறும் ஊசியை உதிர்க்கும் லார்ச், சில ஆண்டுகள் வைத்திருக்கும் பைன், பல ஆண்டுகள் வைத்திருக்கும் ஸ்புரூஸ் ஆகியவற்றின் வேறுபாடு இந்த எண்களில் வெளிப்பட்டது. பூர்கரின் பட்டியல்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. ஒருவர் கால் நூற்றாண்டு காலம் ஒரே முறையில் அளந்து வைத்ததுதான் அவற்றின் வலிமை.

ஏறத்தாழ அதே காலத்தில் டென்மார்க்கில் கார்ல் மார் மோல்லர் வேறொரு முடிவுக்கு வந்தார். ஒரே இன மரங்கள் நிற்கும் காட்டில், விதானம் மூடிய பின்னர், ஒரு ஹெக்டேரில் உள்ள இலையின் அளவு வயதாலோ இடைவெட்டாலோ அதிகம் மாறுவதில்லை. நாற்பது ஆண்டுக் காட்டிலும் எண்பது ஆண்டுக் காட்டிலும் பச்சை ஏறத்தாழ அதே அளவுதான். மரங்களின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு மரத்தின் பங்கு கூடும், மொத்தம் நிற்கும். மாறாத இலையின் மேல் ஆண்டுதோறும் தண்டு மட்டும் சேர்ந்துகொண்டே போனால், இலையின் விழுக்காடு தானாகக் குறையும். வயதோடு ஊசியின் பங்கு சரிவதற்கு முதல் விளக்கம் இதுவே.

அமெரிக்காவில் ஜோசப் கிட்ரெட்ஜுக்கு இலையின் எடை வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. கலிபோர்னியாவில் காடுகளுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அவர். மழை எவ்வளவு இலையில் தங்குகிறது என்று அறிய இலையின் அளவு தெரிய வேண்டும். காடு முழுவதையும் கழித்து எடைபோட முடியாது. சில மரங்களை மட்டும் வெட்டி அளந்து, தண்டின் விட்டத்தின் மடக்கைக்கும் இலை எடையின் மடக்கைக்கும் இடையே நேர்கோட்டுத் தொடர்பு இருப்பதை 1944-இல் காட்டினார். உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைவிட வேகமாக வளர்வதை அளக்க ஜூலியன் ஹக்ஸ்லி 1932-இல் விலங்குகளுக்குப் பயன்படுத்திய அதே வகைச் சமன்பாடு இது. இன்று எந்தக் காட்டின் உயிர்த்திணிவைச் சொன்னாலும், அதன் அடியில் இந்த முறை இருக்கும். வேலை எளிதாகிவிட்டது, கூடவே ஒரு பலவீனமும் வந்தது. இளமரங்களை வெட்டிப் பெற்ற சமன்பாட்டை அவற்றைவிடப் பெரிய முதுமரங்களுக்குப் போட்டால் விடை எங்கோ போய்விடும்.

தெட்ஃபோர்ட் காட்டின் பைன்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டன் மரத் தட்டுப்பாட்டால் திணறியது. அதன் விளைவாக 1919-இல் வன ஆணையம் அமைக்கப்பட்டு, கிழக்கு இங்கிலாந்தின் தெட்ஃபோர்ட் பகுதியின் மணல் நிலங்களில் 1920-கள் முதல் ஸ்காட்ஸ் பைன் பெருமளவில் நடப்பட்டது. அருகருகே, ஒரே வகை மண்ணில், வெவ்வேறு வயதுத் தோப்புகள். ஆய்வாளருக்கு இதைவிட வசதி கிடைக்காது. ஒரே காட்டை ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து அளப்பதற்குப் பதிலாக, ஐந்து, இருபது, முப்பது, ஐம்பது வயதுள்ள தோப்புகளை ஒரே பருவத்தில் அளந்து, அவற்றை ஒரே காட்டின் வாழ்க்கையாக வரிசைப்படுத்தலாம்.

ஜே. டி. ஓவிங்டன் இதைத்தான் செய்தார். இளங்கன்றுகள் முதல் 55 வயது வரையிலான பைன்களை வெட்டி, ஊசி, கிளை, தண்டு, கூம்புக்காய் எனப் பிரித்து, வேரையும் தோண்டி, உலர்த்தி எடைபோட்டார். அவரது 1957 கட்டுரையின் சிறப்பு, காட்டில் நிற்பதோடு கணக்கை முடித்துவிடாததுதான். இடைவெட்டில் போன மரம், உதிர்ந்த சருகு, மரத்தடியில் வளர்ந்த செடிகள் எல்லாவற்றையும் வரவில் சேர்த்தார். குதிரில் இருப்பதும் ஆண்டு விளைச்சலும் தனித்தனி ஏடுகளாயின. இளமையில் ஊசியும் கிளையும் வேகமாகக் கூடுகின்றன. விதானம் மூடியதும் ஊசியின் எடை நின்றுவிடுகிறது. அதன் பின் கூடுவதெல்லாம் தண்டில்தான். ஆண்டு உற்பத்தி இடை வயதில் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்குகிறது.

வெவ்வேறு தோப்புகளை ஒரே வாழ்க்கையாகப் பார்க்கும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தோப்பு நடப்பட்ட காலத்தின் விதை, நடவு இடைவெளி, மழை எல்லாம் வேறாக இருந்திருக்கலாம்; வயதால் வந்த வேறுபாடா, வரலாற்றால் வந்த வேறுபாடா என்று சொல்வது கடினம். ஆயினும் இதற்கு மாற்று ஐம்பது ஆண்டு காத்திருப்பதுதான். ஃபுளோரிடாவின் ஸ்லாஷ் பைன் தோட்டங்களில் கோல்ஸ், ஃபிஷர் இருவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வும் 2 முதல் 34 வயது வரையிலான தோப்புகளை இதே முறையில் வரிசைப்படுத்தியதே.

குழாய்க் கட்டு

ஜப்பானில் போருக்குப் பின் சுகி, ஹினோகி முதலிய ஊசியிலை மரங்கள் பெரும்பரப்பில் நடப்பட்ட காலத்தில், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு மரத்தின் வடிவத்தைக் கணிதமாக அணுகியது. கிச்சிரோ ஷினோசாகி, கியோஜி யோடா, தட்சுவோ கிரா உள்ளிட்டோர் 1964-இல் முன்வைத்தது குழாய் மாதிரிக் கோட்பாடு. மரம் என்பது பல மெல்லிய குழாய்களின் கட்டு. குறிப்பிட்ட அளவு இலைக்கு ஒரு குழாய். அந்தக் குழாய் இலையிலிருந்து வேர்வரை ஓடி நீரைக் கொண்டு வருகிறது. எந்த உயரத்தில் வெட்டினாலும், வெட்டுப் பரப்பு மேலுள்ள இலைக்குச் சமமான விகிதத்தில் இருக்க வேண்டும். பிரெஸ்லர் நூறாண்டுக்கு முன் வளையங்களில் கண்டதற்கு இப்போது காரணம் கிடைத்தது.

கீழ்க்கிளை செத்தால் என்ன ஆகும்? அதன் இலை போய்விடும். அதன் குழாய் தண்டுக்குள் பயனற்று அப்படியே தங்கிவிடும். தச்சர்கள் வைரம் பாய்ந்த கட்டை என்பார்களே, அந்த வைரக்கட்டை இத்தகைய ஓய்ந்த குழாய்கள் சேர்ந்து உருவானது. வெளிப்புறச் சாற்றுக்கட்டை மட்டும் நீர் கடத்துகிறது. இதைப் பின்பற்றி, இலையின் எடையை மொத்த விட்டத்தோடு ஒப்பிடாமல் சாற்றுக்கட்டைப் பரப்போடு ஒப்பிட்டால் கணக்கு நன்றாகப் பொருந்தும் என்று சார்லஸ் கிரியர், ரிச்சர்ட் வாரிங் இருவரும் 1974-இல் ஊசியிலை மரங்களில் காட்டினர். வயதான மரத்தின் எடை ஏன் தண்டில் குவிகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேறில்லை. பணி முடிந்த குழாய்களை மரம் வெளியே எறிவதில்லை.

மண்ணுக்கு அடியில்

1964 முதல் 1974 வரை நடந்த பன்னாட்டு உயிரியல் திட்டத்தில் உலகின் பல காடுகள் ஒரே முறையில் அளக்கப்பட்டன. அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் ஊசியிலைக் காடுகள் அதன் முக்கியக் களங்களில் ஒன்று. சுவீடனில் யாட்ரோஸ் என்ற இடத்தின் பைன் காட்டில் 1970-களில் தனித் திட்டமே நடந்தது. அங்கு ஹான்ஸ் பெர்சன் சல்லிவேர்களை அளந்தார்.

அதுவரை வேர் என்றால் தடித்த வேர்தான். தோண்டி எடைபோட்டால் மரத்தின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று வரும். வயது கூடக் கூட அந்தப் பங்கு குறையும். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2006-இல் நாடுகளுக்குத் தந்த வழிகாட்டியில்கூட, மித வெப்ப மண்டல ஊசியிலைக் காடுகளுக்கு இந்த இறக்கம் பதிவாகியுள்ளது. நிலத்துக்கு மேல் ஹெக்டேருக்கு 50 டன்னுக்குக் குறைவாக இருந்தால் வேருக்கும் தண்டுக்குமான விகிதம் 0.40; 50 முதல் 150 டன் வரை 0.29; அதற்கு மேல் 0.20. முதுமரம் வேருக்குக் குறைவாகச் செலவிடுகிறது என்று இதிலிருந்து முடிவு செய்யத் தோன்றும்.

இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சல்லிவேர்களின் கதை வேறு. இவற்றின் எடை எந்த நேரத்திலும் சொற்பம். ஆனால் விரைவில் செத்து, மறுபடி முளைக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலையில் பசிபிக் வெள்ளி ஃபிர் மரங்கள் நிற்கும் இரு காடுகளை, ஒன்று 23 வயது, மற்றொன்று 180 வயது, கிரியர், கிறிஸ்டினா வோக்ட் உள்ளிட்டோர் ஒப்பிட்டு 1981-இல் வெளியிட்டனர். இரண்டு காடுகளிலும் ஆண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் நிலத்துக்கடியில் போனது. முதிய காட்டில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். நிற்கும் எடையில் தண்டு ஓங்கியிருக்கும் அதே காட்டில், ஆண்டுச் செலவில் வேர் ஓங்கியிருந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், 40 வயதுள்ள இரு டக்ளஸ் ஃபிர் காடுகள் ஒப்பிடப்பட்டன. வளமான மண்ணில் மொத்த உற்பத்தியில் 8 விழுக்காடு சல்லிவேருக்குப் போனது. வளமற்ற மண்ணில் 36 விழுக்காடு. வயது ஒன்றே. சத்து கிடைக்காத இடத்தில் மரம் சத்தைத் தேடச் செலவிட்டது.

மண்ணை உருளையாகக் குடைந்தெடுத்து, அலசி, உயிருள்ள வேரையும் செத்த வேரையும் பிரித்து எடுத்த எண்கள் இவை. முறையைப் பற்றிய விவாதம் 1980-களிலேயே தொடங்கிவிட்டது. கண்ணாடிக் குழாய்களை மண்ணில் புதைத்துச் சிறு கேமராவால் வேரின் ஆயுளை நேரடியாகப் பார்க்கும் முறை பின்னர் வந்தது. எண்கள் திருத்தப்பட்டன. சல்லிவேரைச் சேர்க்காத கணக்கு காட்டின் கணக்காகாது என்பதில் அதன் பின் எவருக்கும் ஐயமில்லை.

வளர்ச்சி ஏன் தளர்கிறது

விதானம் மூடிய சில பத்தாண்டுகளுக்குப் பின் காட்டின் மர உற்பத்தி குறைவதற்கு, 1960-களில் ஓர் எளிய விடை இருந்தது. கிரா, ஷிடெய் இருவரும் 1967-இல் எழுதியது அதுவே: இலை கூடுவதில்லை, எனவே வரவு நிலையானது, தண்டு, கிளை, வேர் கூடுகின்றன, அவற்றின் சுவாசச் செலவு ஏறுகிறது, ஒரு கட்டத்தில் மிச்சமில்லை. யூஜின் ஓடம் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையால் இந்தப் படம் பாடநூல்களில் நிலைபெற்றது. வருமானம் கூடாத வீட்டில் உண்ணும் வாய்கள் பெருகுவதைப் போல.

கொலராடோ மாநிலத்தின் ஃப்ரேசர் ஆய்வுக் காட்டில் மைக்கேல் ரயான், வாரிங் இருவரும் இதைச் சோதித்தனர். 40, 65, 245 வயதுள்ள லாட்ஜ்போல் பைன் காடுகளில் தண்டின் சுவாசத்தை அளந்து 1992-இல் வெளியிட்டனர். முதிய காட்டில் மர வளர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்தது. சுவாசமோ அந்தக் குறைவை ஈடுகட்டும் அளவுக்கு ஏறவில்லை. காரணம் குழாய்க் கோட்பாட்டிலேயே இருந்தது. உயிருள்ள செல்கள் சாற்றுக்கட்டையில்தான் உள்ளன. வைரக்கட்டை எவ்வளவு பெருத்தாலும் சுவாசிக்காது. இருபத்தைந்து ஆண்டுகள் பாடநூலில் இருந்த விளக்கம், தண்டின் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று கேட்டதும் தளர்ந்துவிட்டது.

அதன் பின் வந்தது நீர் பற்றிய கருதுகோள். மரம் உயர உயர, நீர் ஏறும் பாதை நீளுகிறது, தடை கூடுகிறது, உச்சி ஊசிகள் பகலில் முன்னதாகவே இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன, ஒளிச்சேர்க்கை குறைகிறது. ரயான், பார்பரா யோடர் இருவரும் 1997-இல் இதை விரிவாக முன்வைத்தனர். மெங்குச்சினி, கிரேஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குத் தேர்ந்தெடுத்த இடம், ஓவிங்டன் அளந்த அதே தெட்ஃபோர்ட் பைன் காடு. பகிர்வு பற்றிய கேள்விக்கும் இது புது விளக்கம் தந்தது. நீர்த்தடையைச் சமாளிக்க முதுமரம் சாற்றுக்கட்டைக்கும் சல்லிவேருக்கும் கூடுதலாகச் செலவிட்டால், ஊசிக்கு மிஞ்சுவது குறையும். 2006-இல் ரயானும் உடன் ஆய்வாளர்களும் பத்தாண்டுச் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உயரமும் நீர்த்தடையும் பல மரங்களில் உண்மையாகவே செயல்படுகின்றன, ஆனால் காட்டின் வளர்ச்சித் தளர்வு முழுவதற்கும் அது மட்டும் காரணமாகாது என்று ஒப்புக்கொண்டனர். தன் கருதுகோளைத் தானே இப்படிச் சுருக்கிக்கொள்ளும் கட்டுரைகள் அரிது.

முதிய காட்டை வெட்டலாமா

இந்த விவாதம் ஆய்வகத்தோடு நின்றதல்ல. அமெரிக்காவின் வடமேற்கில் 400, 500 வயதுள்ள டக்ளஸ் ஃபிர் காடுகளை, வளர்ச்சி நின்று முற்றிப் போனவை என்று வகைப்படுத்தி வெட்டி, வேகமாக வளரும் இளங்காடாக மாற்றுவதே பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. புவி வெப்பமாதல் பேசப்படத் தொடங்கியதும், இளங்காடு கரியை வேகமாக உறிஞ்சும், எனவே மாற்றுவது நல்லது என்ற வாதமும் சேர்ந்தது. மார்க் ஹார்மன், வில்லியம் ஃபெரல், ஜெர்ரி ஃபிராங்க்ளின் மூவரும் 1990-இல் இதற்கு விடையளித்தனர். கடந்த நூறாண்டில் மேற்கு ஓரிகன், வாஷிங்டனில் 50 லட்சம் ஹெக்டேர் முதிய காடு இளங்காடாக மாற்றப்பட்டதால் 150 முதல் 180 கோடி டன் கரி காற்றில் சேர்ந்தது என்பது அவர்களது கணக்கு. உறிஞ்சும் வேகம் ஒன்று, குதிரில் இருந்தது ஒன்று. குதிரை உடைத்துவிட்டு விளைச்சலைப் பேசியதே பிழை. அதே 1990-இல் அந்தக் காடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் வந்த வடமேற்கு வனத் திட்டம் கூட்டரசு நிலங்களில் வெட்டும் அளவைப் பெரிதும் குறைத்தது. மரத் தொழிலை நம்பிய ஊர்கள் அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல.

கியோட்டோ உடன்படிக்கைக்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் காட்டின் கரியை ஏட்டில் எழுத வேண்டியதாயிற்று. வன அலுவலகங்களில் இருந்ததோ தண்டின் கன அளவு. அதை ஓர் எண்ணால் பெருக்கி முழு மரமாக்கினர். அந்தப் பெருக்கும் எண் வயதோடு மாறுகிறது என்பதை ஃபின்லாந்தின் அலெக்ஸி லெக்தோனன் முதலியோர் 2004-இல் பைன், ஸ்புரூஸ் மரங்களுக்கு அட்டவணையாகத் தந்தனர். ஒரே சராசரி எண்ணை எல்லா வயதுக்கும் போட்டால் இளங்காட்டின் கரி குறைத்தும், முதிய காட்டின் கரி மிகைத்தும் காட்டப்படும்.

முதிய காடுகள் இன்னும் கரியைச் சேர்க்கின்றனவா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. சேர்க்கின்றன என்று செபாஸ்டியான் லூய்சார்ட் குழு 2008-இல் எழுதியது; அந்த அளவு மிகைப்படுத்தப்பட்டது என்று பெர் குண்டர்சன் குழு 2021-இல் மறுத்தது. இதற்கிடையே நேட்டன் ஸ்டீஃபன்சன் தலைமையில் 403 இனங்களின் 673,046 மரங்களை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரை, தனி மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுக்கு அது சேர்க்கும் எடை கூடிக்கொண்டே போகிறது என்றது. இது காட்டின் தளர்வோடு முரண்படுவதில்லை. பெரிய மரம் கூடுதலாகச் சேர்த்தாலும், அதைச் சுற்றி மரங்கள் இறந்து எண்ணிக்கை குறைவதால் ஹெக்டேரின் மொத்தம் இறங்கலாம். செய்தித்தாள்கள் பல இந்த இரண்டையும் குழப்பின.

கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. ஜார்ஜ் காக் குழு 112.7 மீட்டர் உயரமுள்ள மரத்தின் உச்சிவரை ஏறி அளந்து, நீரும் ஈர்ப்பு விசையும் அனுமதிக்கும் எல்லை 122 முதல் 130 மீட்டர் என்று 2004-இல் கணித்தது. ஸ்டீஃபன் சில்லெட் குழு அதே முறையில் கயிறு கட்டி ஏறி, கிளை கிளையாக அளந்து, முதுமையிலும் இம்மரங்களின் ஆண்டு மர உற்பத்தி கூடுவதை 2010-இல் காட்டியது. 2016-இல் அவர்கள் பதிவு செய்த ஒரு காட்டில் நிலத்துக்கு மேலுள்ள உயிர்த்திணிவு ஹெக்டேருக்கு 5,190 டன் வரை இருந்தது. உலகில் அளக்கப்பட்ட காடுகளில் இதுவே மிக அதிகம். அந்த எண்ணில் வேரின் எடை சேரவில்லை. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த, காப்பகத்தில் நிற்கும் மரத்தை ஓவிங்டன் செய்ததுபோல் தோண்டிப் பார்க்க யாரும் அனுமதி தரமாட்டார்கள்.